அம்மா சொல்வதைக் கேளுங்கள்

“கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும், யாருக்கும் பாரமாக் கிடக்கக் கூடாது.” இந்தப் பேச்சு எழாத தமிழ் வீடு அபூர்வம். சாமி கும்பிடும்போதும், துக்கம் கேட்டு வந்து தலைமுழுகிவிட்டு உட்காரும்போதும் பெரியவர்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். “நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படிப் பேசுற? நூறு வயசு இருப்ப” என்று வாயை அடைப்பவர்கள் பிள்ளைகள்தாம். சாவைப் பற்றிப் பேச முதியவர்கள் பயப்படுகிறார்கள் என்பது நாம் நம் வசதிக்குச் செய்துகொண்ட கற்பனை.

இந்த வசதிக்கான விலையை ஐ.சி.யூ. வாசலில் கொடுக்கிறோம். மூச்சுத் திணறல் முற்றிய இரவில், “வென்டிலேட்டர் போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க” என்று டாக்டர் கேட்கிறார். உள்ளே இருக்கும் அம்மாவால் பேச முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், “எவ்வளவு செலவானாலும் பாருங்க” என்கிறான். இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள், “அம்மாவைப் படுத்தாதீங்க” என்று அழுகிறாள். இருவர் சொல்வதும் பாசம்தான். ஆனால், அம்மாவின் விருப்பம் என்னவென்று இருவருமே ஒருநாளும் கேட்டதில்லை. சில நாள் கழித்துப் பணமோ நம்பிக்கையோ தீர்ந்துபோக, மருத்துவ அறிவுரையை மீறி அழைத்துப் போவதாக எழுதிக் கொடுக்கிறார்கள். ஆம்புலன்சில் ஒருவர் வழிநெடுக மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வர, வீட்டுக் கூடத்தில் குழாய் எடுக்கப்படுகிறது. வலிக்கு மருந்து கொடுக்க உடன் யாரும் இல்லை. கடனும் குற்ற உணர்வும் எஞ்சுகின்றன. அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோவதும் உண்டு.

சட்டம் இந்த இடத்தில் மக்களைவிட முன்னே போய்விட்டது. கண்ணியமாக இறப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, கடைசிக்காலச் சிகிச்சை பற்றிய தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் ‘லிவிங் வில்’லுக்கு வழிவிட்டது. மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையால் அது ஏட்டளவிலேயே இருந்தது. 2023 ஜனவரியில் அந்த முடிச்சும் அவிழ்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரும் போதும். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரை அதில் எழுதலாம். மனம் மாறினால் எழுத்து மூலம் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஊசி போட்டு உயிரை எடுக்கும் பேச்சுக்கு இதில் இடமே இல்லை. மீள வழியில்லாத நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையைத் தவிர்ப்பதோ நிறுத்துவதோ மட்டும்தான்.

“சொத்துக்காகப் பெரியவர்களைத் தீர்த்துக்கட்ட இது வழியாகிவிடாதா?” என்ற கேள்வியை நாம் லேசாக ஒதுக்க மாட்டோம். எண்ணெய்க் குளியலும் இளநீருமாக முதியவர்களை அனுப்பிவைத்த ‘தலைக்கூத்தல்’ நம் தென்மாவட்டங்களின் வழக்கம்தான். ஆனால், தலைக்கூத்தலில் பெரியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. லிவிங் வில்லோ அவர் சுயநினைவோடு, சாட்சிகள் முன் எழுதுவது. அதன்பிறகும், சிகிச்சையை நிறுத்த மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்; இரண்டாவது குழுவில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர். எதையும் எழுதி வைக்காத முதியவர்தான் பிள்ளைகளின் பேராசைக்கு எளிதில் இரையாகக் கூடியவர். “கடைசிவரை எல்லாச் சிகிச்சையும் எனக்கு வேண்டும்” என்று நினைப்பவரும் அதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லி வைக்கட்டும்.

பத்திரம் இரண்டாம் பட்சம். முதலில் வேண்டியது பேச்சு: படுக்கையில் விழுந்தால் வீட்டில் இருக்க விருப்பமா, ஆஸ்பத்திரியிலா? வாயால் சாப்பிட முடியாவிட்டால் டியூப் போடலாமா? பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது முடிவு? சர்க்கரை, பி.பி. மாத்திரை வாங்கப் போகும் சாதாரண நாளில் கேட்டுவிடக் கூடிய கேள்விகள்தாம் இவை.

அரசு தன் பங்கைச் செய்ய வேண்டும். இந்த உயிலின் நகலைப் பெற்றுப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்புகளில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்துவதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் எந்த ஊர்க்காரருக்கும் எந்த அலுவலகம், எந்த மேசை என்று தெரிய வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறது, வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. அதே ஊழியர்கள் கையில் லிவிங் வில்லுக்கான தமிழ்ப் படிவத்தையும் விளக்கத் தாளையும் கொடுத்து அனுப்பலாம். முன்மாதிரி கிடைத்தால் மக்கள் பின்தொடர்வார்கள்: மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை 2008இல் ஒரு மருத்துவர் தம்பதி தானம் செய்தபோது, தமிழ்நாடு அதைத் தன் வழக்கமாகவே எடுத்துக்கொண்டது. கோவாவில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் 2024இல் தன் லிவிங் வில்லைத் தானே முன்வந்து பதிந்தார். இங்கும் அமைச்சர்களும் மாவட்ட ஆட்சியர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, தங்களுடையதை முதலில் எழுதிப் பதியட்டும்.