எங்க தெருவுக்கு எத்தனை வாரம்?

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு ரெட்டைப் பிள்ளை. "ஒன்பதாம் மாசம் இங்கே பட்டாபிராம்ல வளைகாப்பு!" என்று அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டாள். ஆபீஸில் லோன் போட்டு, டிக்கெட் விசாரிக்கப் போனேன்.

"பெரும்பாலான விமானத்துல ஒத்தைப் பிள்ளைன்னா 36 வாரம் வரை சார். ரெட்டைன்னா 32-தான். 28 தாண்டினாலே டாக்டர் லெட்டர் வேணும்" என்றார் ஏஜென்ட். ரெட்டையர்கள் அவசரக்காரர்களாம். நடுவானில் ஏதய்யா பிரசவ வார்டு?

அம்மாவிடம் சொன்னேன். கண் கலங்கி, பிறகு விரல் விட்டு எண்ணினாள். "ஏழும் ஒத்தப்படைதானே... வரச் சொல்லுடா!"

வந்திறங்கினாள். "உட்கார்ந்தே வந்தா கால்ல ரத்தம் உறையலாமாம். அடிக்கடி எழுந்து நடந்தேன்ணா. தண்ணியா குடிச்சேன்."

பத்து மணி நேர ஆகாயப் பயணத்தில் அலுங்காதவள், எங்க தெருப் பள்ளத்தில் டாக்சி குதித்ததும் "அம்மா!" என்று அலறினாள்.

விமானத்துக்கு 32 வாரம், சரி. எங்க தெருவுக்கு?