மூங்கில் போய் விளக்கு வந்த கதை

சென்ற வாரம் வகுப்பில், மின்சார விளக்கினுள் ஒளிரும் இழை ஒரு காலத்தில் மூங்கிலால் ஆனது என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணம்!

அமெரிக்காவில் எடிஸன் 1880-ம் வருஷத்தில் மூங்கில் இழையின் குணத்தைக் கண்டார். பல தேசங்களுக்கு ஆளனுப்பித் தேடி, கடைசியில் ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகேயுள்ள யவாட்டா மூங்கிலையே சிலாக்கியமென்று தேர்ந்தெடுத்தார். மூங்கில் ஜப்பானிலிருந்து கப்பலேறிற்று. விளக்கு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிற்று.

இந்த விபரீத வியாபாரத்தை மாற்ற முற்பட்டவர் புஜியோக்கா இச்சிசுகே. டோக்கியோவில் இஞ்சினீயரிங் கல்லூரி ஆசிரியர். (நம் ஜாதி!) 1884-ல் அமெரிக்கா சென்று எடிஸனைச் சந்தித்தார். மின்சாரம் எவ்வளவு இருந்தும், அதற்குரிய சாமான்களைப் பிறரிடம் வாங்கும் தேசம் உருப்படாது என்று எடிஸனே அவருக்குப் புத்தி சொன்னதாக ஒரு வரலாறு உண்டு. விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததுதான் அதிசயம்.

1890-ல் மியோஷி ஷோயிச்சி என்னும் நண்பருடன் 'ஹக்குநெட்சு-ஷா' என்ற கம்பெனியைப் புஜியோக்கா ஆரம்பித்தார். முதலில் பருத்தி நூலைக் கரியாக்கி இழை செய்தார்கள். அவ்வாறு தேறிய விளக்குகள் 12. பிறகு சொந்த நாட்டு மூங்கிலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ஐரோப்பிய விளக்குகள் மலிவாக வந்து குவிந்தன. கம்பெனி 1899-ல் 'டோக்கியோ டென்கி' என்று பெயர் மாற்றிக்கொண்டும் கஷ்டம் தீரவில்லை. 1905-ல் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கைக்குப் போயின. சொந்தத் தொழில் என்று புறப்பட்டவர்கள் அந்நியருக்கே பெரும் பங்கை எழுதிக் கொடுக்கலாமா? வெகு நாள் வரை நானும் இதைத் தோல்வியென்றே கருதியிருந்தேன்.

பணத்தோடு வித்தையும் வந்தது என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். 1918-ல் அவர்கள் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார்கள். 1921-ல் அங்கே மியுரா ஜுன்இச்சி என்பவர், சுருளாகச் சுற்றிய டங்ஸ்டன் இழையை மறுபடியும் சுருளாகச் சுற்றினார். இழையின் உஷ்ணம் சுற்றியுள்ள வாயுவில் வீணாவது குறைந்தது. அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் அதிகம் கிடைத்தது. இந்த இரட்டைச் சுருள் பிற்பாடு உலகமெங்கும் பரவிற்று.

1939-ல் ஷிபவுரா என்ற யந்திரக் கம்பெனியோடு இணைந்ததால் உண்டான சுருக்கப் பெயர்தான் 'தோஷிபா'. சாதாரண இழை விளக்குகள் செய்வதை 2010 மார்ச்சில், 120 வருஷத்துக்குப் பிறகு, அவர்கள் நிறுத்திவிட்டார்கள். யவாட்டாவிலுள்ள இவாஷிமிசு கோயிலில் எடிஸனுக்கு ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது.