பழைய லாண்ட் றோவரும் மண்ணெண்ணெய்க் காலமும்

கடந்த மாதம் இலண்டனிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் லாண்ட் றோவரை இரண்டு நாட்களாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அது 1962 ஆம் ஆண்டு வாகனம். அரச திணைக்களம் ஒன்றின் ஏலத்தில் 1979 இல் என் தந்தையார் வாங்கியது. மூன்றாம் நாள் காலை தேநீர் அருந்தும்போது மைத்துனர் விடயத்துக்கு வந்தார்.

"அத்தான், செலவு முழுக்க என்னுடையது. அடிச்சட்டத்தை இங்கிலாந்திலிருந்து புதிதாக இறக்குவம். பழசெல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே ஆக்குவம்."

அவரது அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'பழசெல்லாவற்றையும்' என்ற சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. பழைய வாகனங்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் நம்மவரிடையே பெருகிவரும் இந்நாளில், எதைப் புதுப்பிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று நாம் சற்று நின்று யோசித்தாக வேண்டும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

லாண்ட் றோவரே தட்டுப்பாட்டில் பிறந்த ஒரு வாகனம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு நிலவியது. றோவர் நிறுவனத்தின் மொறிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய அமெரிக்க ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு, கிடைத்த அலுமினியக் கலப்புத் தகட்டால் உடலை அமைத்து ஒரு வாகனத்தை உருவாக்கினார். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. அலுமினிய உடல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடிச்சட்டமும், இயந்திரத்துக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரும் உருக்கு. நம் குடாநாட்டின் உப்புக் காற்று அடிச்சட்டத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே வண்ணம் பளபளக்கும், சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். இவ்வாகனத்தை வைத்திருப்போர் எல்லோரும் அறிந்த துன்பம் இது.

யாழ்ப்பாணத்தின் பழைய வாகனங்கள் என்றதும் வெளியூரார் நினைவுக்கு முதலில் வருவன ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவையே. கல்யாண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான் ஓடின. 'யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், அதனால் பழையதை விடமாட்டான்' என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர். அது பாதி உண்மை. மீதிப் பாதி 1990 யூனில் தொடங்கியது.

போர் மீண்டும் மூண்டு பாதை அடைபட்டபோது பெற்றோலும் உதிரிப்பாகங்களும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. பெற்றோல் போத்தல் கணக்கில் கறுப்புச் சந்தையில் விலைபோயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. நவீன வாகனங்கள் படுத்துவிட்டன, கிழட்டு வாகனங்கள் எழுந்து ஓடின.

காரணம் எளியது. பழைய பிரித்தானிய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. எங்கள் லாண்ட் றோவரின் 2286 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்கு அது ஏழுக்கு ஒன்று. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அது சகித்துக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் சிறு போத்தலால் பெற்றோலைப் பீய்ச்சி உதைத்துக் கிளப்பினார்கள். மின்கலம் இல்லாத குறையை எங்கள் வண்டியின் முன்புறத்துச் சுழற்றுகோல் தீர்த்துவைத்தது.

எங்கள் வண்டியை மாற்றியமைத்தவர் கொக்குவிலில் கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணை. தகட்டுச் சுவரில் ஓர் ஓட்டை துளைத்து, சேலைன் ஏற்றும் குழாய் ஒன்றை அதன் வழியாகக் காபிறேற்றருக்குக் கொண்டுபோனார். குழாயின் மறுமுனை சாரதிக்குப் பக்கத்தில் தொங்கும் சிறு பெற்றோல் போத்தலில் இருந்தது. மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகைக்குழாயின் அருகே வளைத்துச் சூடேற்றினார். இதற்கெல்லாம் அவர் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. அப்படி ஒரு புத்தகம் எழுதப்படவும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவை வலிகாமத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். ஊரே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. செம்மணி வழியும் நாவற்குழிப் பாலமும் மனிதராலும் சைக்கிளாலும் மாட்டுவண்டியாலும் அடைபட்டிருந்தன. மழையும் பெய்தது. தந்தையார் வண்டியை ஓட்டினார். உள்ளே அயலிலிருந்த முதியவர்கள் ஒன்பது பேர். போத்தலைப் பிடித்திருந்தவன் நான். நடந்து செல்வோரின் வேகத்திலும் குறைவாக ஊர்ந்ததால் இயந்திரம் குளிர்ந்து அடிக்கடி நின்றது. நிற்கும்தோறும் நான் சில துளிகளை விடுவேன், ஓர் இளைஞர் இறங்கிச் சுழற்றுகோலைச் சுழற்றுவார். சாவகச்சேரியை அடைந்தபோது விடிந்துவிட்டது. போத்தலின் அடியில் ஒரு விரற்கடை பெற்றோல் மிஞ்சியிருந்தது.

மைத்துனர் மூடச் சொல்வது அந்த ஓட்டையைத்தான். இங்கிலாந்திலிருந்து வரும் புதிய தகட்டுச் சுவரில் அது இராது.

பாதை 2002 ஏப்ரலில் திறந்தபோது, பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து வந்தோரை நானே கண்டிருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் விலை ஏறிற்று. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியது, ஆயினும் பழைய வாகன மோகம் நீங்கவில்லை. வாங்குவோர் கேட்கும் முதற்கேள்வி, "ஒறிஜினலா?" என்பதே. அதற்கேற்பச் செப்புக் குழாய்கள் பிடுங்கப்படுகின்றன. கையால் அடித்துச் செய்த பாகங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. விற்கத் தயாராகும் வாகனத்தில் போர்க்காலத்தின் சுவடு எதுவும் எஞ்சுவதில்லை.

பழமையைத் தொழிற்சாலை வாசலோடு நிறுத்திக்கொள்ளும் பார்வை இது. 1962 இல் சொலிகல்லில் எத்தனையோ ஆயிரம் லாண்ட் றோவர்கள் இதே வடிவில் செய்யப்பட்டன. அந்நிலைக்குத் திரும்பினால் எங்கள் வண்டி அவற்றுள் ஒன்றாகிவிடும், அவ்வளவே. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும், ஒரு வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாகவே மதிக்கிறது.

இலக்கத்தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டது. 1958 இல் வடக்கில் அதனை எதிர்த்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதும் போராட்டம் நடந்தது, தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார்பூசப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. எங்கள் வண்டி அதே எழுத்தைச் சுமந்துகொண்டுதான் பிற்காலத்தில் அகதிகளையும் சுமந்தது. அந்தத் தகட்டை நான் விரும்பி மாட்டவில்லை. அதற்காக அதனை மறைத்துவிடவும் மாட்டேன்.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு நஞ்சு. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி வழிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். உருளைகள் தேயும். எங்கள் இயந்திரம் அக்காலத்தில் அரைவாசி செத்தே போயிற்று. சாரதியின் அருகில் பெற்றோல் போத்தல் தொங்குவது எத்தகைய ஆபத்து என்பதை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. பிறேக், ஸ்ரியறிங், அடிச்சட்டம் ஆகியன உயிரோடு தொடர்புடையவை. அவற்றில் பழமை பேசுவது மடமை. அவற்றைப் புதிதாக்கத்தான் வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். மற்றவற்றில் கைவைக்குமுன் புகைப்படம் எடுங்கள். கழற்றிய பாகங்களுக்குப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். முன்னைய உரிமையாளர் பெயர்கள் உள்ள பழைய பதிவுப் புத்தகத்தை எறியாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வாகனத்தில் கைவைத்த மெக்கானிக் உயிரோடிருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். நூலக நிறுவனம் 2005 முதல் நம் ஏடுகளையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவருகிறது. கராஜ்களில் விளைந்த அறிவோ பெரும்பாலும் எழுத்தில் ஏறவேயில்லை. பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவரும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் சேர்ந்து ஓராண்டு முயன்றால் அதில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். பத்தாண்டு கழித்துப் போனால் கேட்பதற்கு ஆள் இரார்.

பத்திரிகைக்காரனான நானும் இதில் குற்றவாளியே. அந்த ஆண்டுகளில் எறிகணை வீழ்ந்த இடங்களையும் இறந்தோர் எண்ணிக்கையையும் நாள்தோறும் எழுதினேன். எரிபொருள் இல்லாத ஊரில் வாகனங்கள் எவ்வாறு ஓடின என்று ஒரு பத்திகூட எழுதவில்லை. கண்முன்னே தினமும் நடந்ததால் அது செய்தியாகத் தோன்றவில்லை.

சென்ற வாரம் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு கொக்குவில் அண்ணையிடம் போனேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது, கராஜ் மூடிப் பல காலமாயிற்று. புதிய தகட்டுச் சுவர் போடும் எண்ணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"போடு தம்பி, பழசு உக்கிப்போச்சு. ஆனால் அந்தத் துளையை நான்தான் போட்டது. புதுத் தகட்டைக் கொண்டு வா, அதே இடத்தில் திரும்பப் போட்டுத் தாறன்."

மைத்துனர் மறுப்பேதும் கூறவில்லை. அடிச்சட்டமும் தகட்டுச் சுவரும் வரட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். துளையை அண்ணையே போடுவார். அன்று அவர் சொல்வதையெல்லாம் பதிவுசெய்ய, இம்முறை குறிப்பேட்டோடு போவேன்.