கண், காது, மூக்கு – பின்லாந்து பாஷையில்!

புதுப் பாஷை கற்பிக்கும் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். "என் பெயர் இன்னது, எனக்குக் காப்பி பிடிக்கும்." மரியாதையான வாக்கியங்கள்தான். ஆனால், நடு ராத்திரியில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும்போது, டாக்டரிடம் போய், "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்று சொல்லி என்ன பிரயோசனம்?

ஆகவே, அந்நிய தேசத்தில் குடித்தனம் வைக்கப் போகும் பெண்கள் முதலில் கற்க வேண்டியது உடம்பின் உறுப்புகளைத்தான் என்பது என் கட்சி. உத்தியோக நிமித்தம் தமிழ்க் குடும்பங்கள் போய்ச் சேரும் தேசங்களில் இன்று பின்லாந்தும் ஒன்று. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

"அங்கேதான் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியுமாமே?" என்பீர்கள். நிறையப் பேருக்குத் தெரியும், வாஸ்தவம். ஆனால் குழந்தை பகலெல்லாம் இருப்பது பாலர் பள்ளியில். அங்கே அதன் காதில் விழுவது பின்னிஷ் பாஷை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வத்ஸ, வத்ஸ" என்று சிணுங்கினால் அம்மா விழிக்கலாமா? வத்ஸ என்றால் வயிறு!

முதலில் பத்து வார்த்தைகள். தலை – பே. கண் – ஸில்மெ. காது – கொர்வ. மூக்கு – நெனெ. வாய் – ஸூ. கை – கெஸி. விரல் – ஸொர்மி. வயிறு – வத்ஸ. முழங்கால் – பொல்வி. கால் – யல்க. நாக்கு கியெலி, பாஷைக்கும் அதே பெயர்தான். வீணைத் தந்தி போன்ற வாத்தியத் தந்திக்கும் கியெலி என்றே பெயர்!

உச்சரிப்பில் ஒரு சங்கதி. பே, ஸில்மெ என்று எழுதினேனே தவிர, அந்த ஒலி 'ஆ'வும் அல்ல, 'ஏ'யும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பணம் போடும் இடத்தை ஒருவர் 'பாங்க்' என்றும் இன்னொருவர் 'பேங்க்' என்றும் எழுதுகிறோமே, அதே ஒலிதான். மற்றபடி நமக்குப் பயமே வேண்டாம். குறில் நெடில் பேதம் நமக்குப் பிறவியிலேயே வந்தது. 'படம்' வேறு, 'பாடம்' வேறு, 'பட்டம்' வேறு என்று தெரிந்தவர்களுக்கு, துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம் என்பது ஒரு கஷ்டமா? வார்த்தையின் முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இனி, மிக முக்கியமான கேள்வி: "மிஹின் ஸத்தூ?" அதாவது, "எங்கே வலிக்கிறது?" இதற்குப் பதில் சொல்ல ஒரு சின்ன வித்தை போதும். பல உறுப்புகளுக்குப் பெயரின் கடைசி எழுத்தை நீட்டி, 'ன்' சேர்த்துவிட்டால் போதும். கொர்வ – "கொர்வான் ஸத்தூ": காது வலிக்கிறது. வத்ஸ – "வத்ஸான் ஸத்தூ": வயிறு வலிக்கிறது. யல்க – "யல்கான் ஸத்தூ": கால் வலிக்கிறது. தலைக்குக் கொஞ்சம் மாறி, "பேஹென் ஸத்தூ" என்று வரும். தலைவலி எந்த ஊரிலும் தனி ரகம் போலிருக்கிறது!

இந்த 'ன்' என்ன என்று கேட்டால், நம் வேற்றுமை உருபு போன்றதுதான். 'வாயில்' என்பதற்கு ஸூஸ்ஸ. 'வாயிலிருந்து' என்பதற்கு ஸூஸ்த. 'வாய்க்குள்' என்பதற்கு ஸூஹுன். எல்லாம் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது சில வார்த்தைகள் உருமாறும். கெஸி என்ற கை, 'கையில்' என்னும்போது கெதெஸ்ஸெ ஆகிவிடும். இங்கிலீஷ்காரர்கள் இதைக் கண்டு மிரளுவார்கள். 'வயிறு' என்பதை 'வயிற்றில்' என்றும், 'முகம்' என்பதை 'முகத்தில்' என்றும் சொல்லும் நமக்கு என்ன மிரட்சி? 'இரண்டு கண்' என்று நாம் ஒருமையில் சொல்வதுபோல அவர்களும் எண்ணுக்குப் பின் பன்மை போடுவதில்லை.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் கால்டுவெல் பாதிரியார், 1856-இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில், திராவிட பாஷைகளுக்கும் பின்னிஷ் முதலானவற்றுக்கும் உறவு இருக்கும் என்று கருதினார். இன்றைய பாஷா சாஸ்திரிகள் அதை ஒப்புவதில்லை. பின்னிஷுக்கு நெருங்கிய உறவு எஸ்தோனிய பாஷை. தூரத்து உறவு ஹங்கேரிய பாஷை. நமக்கு அது உறவல்ல. ஜாடை ஒத்துப்போன அசலார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பங்கரை சமாசாரம் ஒன்று. பட்டையும் ஏலக்காயும் மணக்கும் ஒரு சுருள் ரொட்டி அங்கே பிரசித்தம். பெயர் கொர்வபூஸ்தி. அர்த்தம் என்ன தெரியுமோ? 'காதில் ஓர் அறை'! நாம் மூக்குக் கண்ணாடி என்பதை அவர்கள் 'கண் கண்ணாடி' என்கிறார்கள். நாம் கைக்குட்டை என்பது அவர்களுக்கு 'மூக்குத் துணி'. மோதிர விரலுக்கு நிமெதொன் என்று பெயர். 'பெயரில்லாதது' என்று பொருள். ஸம்ஸ்கிருதத்தில் அதே விரலை அநாமிகை என்கிறார்களே, அதற்கும் அர்த்தம் அதுவேதான்!

பெண்கள் ரசிக்க வேண்டிய இன்னொன்று. ஒற்றைக் கண் உள்ளவரை அந்தப் பாஷையில் 'கண்-பாதி' என்பார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஒரு முழுமை. ஒன்று மட்டும் இருந்தால் அது பாதி என்ற கணக்கு. பாதிக்கு அவர்கள் வார்த்தை புவொலி. அதிலிருந்து பிறந்ததே புவொலிஸோ என்ற சொல். மனைவிக்கும் அந்தப் பெயர்தான், கணவனுக்கும் அந்தப் பெயர்தான். அர்த்தநாரீசுவரரைக் கும்பிடும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

கற்ற வார்த்தைகளை எங்கே செலவழிப்பது? அதற்கும் அங்கே இடம் உண்டு. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 'நெவுவொல' என்ற ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன; காசு வாங்குவதில்லை. ஆர்வோ இல்ப்போ என்ற குழந்தை வைத்தியர் 1922-இல் ஹெல்சிங்கி நகரில் தொடங்கி வைத்தது. 1944-இல் ஊருக்கு ஊர் இருந்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. குழந்தையை எடை போட்டு, அளந்து பார்த்து, அம்மாவின் உடம்பையும் விசாரிப்பார்கள். வீட்டுக்காரரை மொழிபெயர்க்க அழைத்துப் போகலாம்தான். ஆனால் பெண்கள் உடம்பில் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வலிகளும் உண்டு. அதை நாமே நம் வாயால் சொல்வதற்கு ஈடாகுமா?

பாடம் படிக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டு இரண்டு பாஷையிலும் சொல்லுங்கள். கண் – ஸில்மெ. காது – கொர்வ. உங்களுக்குப் பின்னிஷ் வரும். குழந்தைக்குத் தமிழ் தங்கும். பின்னது முன்னதைவிட முக்கியம். வம்சத்தை நாம் தலையால் எண்ணித் தலைமுறை என்கிறோம். அவர்கள் முழங்காலால் எண்ணி ஸுகுபொல்வி என்கிறார்கள். எதனால் எண்ணினால் என்ன? ஊரிலிருந்து பாட்டி டெலிபோனில், "எங்கேடா கண்ணா வலிக்கிறது?" என்று கேட்டால், பேரன் "வயிறு, பாட்டி" என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.