வாங்கப்பட்ட வங்கியின் பங்குதாரர்

ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது பங்குதாரருக்குக் கிடைப்பது என்ன என்பது, வாங்குபவரின் செல்வத்தைவிட, விலைபோன நாளில் அந்நிறுவனத்தின் கடன் போக எஞ்சியிருந்தது எவ்வளவு என்பதையே பெரிதும் சார்ந்தது; தமிழ்நாட்டில் பிறந்த இரண்டு தனியார் வங்கிகளின் முடிவுகள் இதற்குப் போதிய சான்று.

கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா, 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தபோது, பழைய பங்குக்கு ஈடாக எத்தனை புதிய பங்குகள் என்பதைக் குறிக்கும் பரிமாற்ற விகிதம் ஒன்றுக்கு இரண்டு என அமைந்ததால், நூறு பங்கு வைத்திருந்தவர் இருநூறு பங்குகளுக்கு உரியவரானார். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, இத்தகைய விருப்ப இணைப்புக்குப் பங்குதாரர் கூட்டத்தில் மதிப்பளவில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர், ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் மதிப்பைக் கேட்டுப் பெற்று விலகிக்கொள்ளலாம்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் மீது பாய்ந்ததோ, கட்டாய இணைப்புக்கு வழிசெய்யும் அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு. வாராக்கடன் பெருகி, நிகர மதிப்பு, அதாவது சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்ட நிலையில், 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு விதித்தது. அன்றே இணைப்பு வரைவை வெளியிட்ட ரிசர்வ் வங்கி, ஆட்சேபம் தெரிவிக்க 20ஆம் தேதி மாலை 5 மணி வரை அவகாசம் தந்தது. பங்குதாரர் கூட்டமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நவம்பர் 27 அன்று வங்கி, சிங்கப்பூரின் டி.பி.எஸ். குழுமத்துடைய இந்தியத் துணை நிறுவனத்தில் கரைந்தபோது, வைப்பாளர்களின் பணம் முழுதும் காப்பாற்றப்பட்டது, பங்கு மூலதனம் முழுதும் நீக்கப்பட்டது, வங்கியின் மூலதனமாகவே கணக்கிடப்படும் ரூ.318.20 கோடி மதிப்புள்ள இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்களும் அதற்கு முன்பே கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன.

நட்டத்தை முதலில் சுமக்க வேண்டியவர் பங்குதாரரே என்ற வரிசையில் தவறு காண்பது கடினம். லாபம் வந்திருந்தால் அது அவருடையது. ஆனால், தொண்ணூறாண்டு கடந்த வங்கியின் உரிமை அடியோடு மறைவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதன் உரிமையாளர்களுக்கு மூன்றே நாள் என்பதை அவசரத்தின் பெயரால் முழுமையாக நியாயப்படுத்திவிட முடியாது.

மூலதனம் முழுதும் நீக்கப்படும் என்று வரைவு வெளிப்படையாகச் சொன்ன பின்னும், பத்து ரூபாய் முகமதிப்புள்ள அந்தப் பங்கு, வர்த்தகம் நிறுத்தப்படுவதற்கு முந்தைய கடைசி நாள்களிலும் ஏழெட்டு ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. விற்றவருக்கு அந்த ஏழெட்டு ரூபாயாவது மிஞ்சியது, வாங்கியவரின் டீமேட் கணக்கில் அந்த வரியே இல்லாமல் போயிற்று.