ஐந்து சதவீதம் யாருக்கான வரம்பு?

2021 ஜனவரி 22 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பற்றிய திருத்த விதிகளை இந்த இதழ் வரவேற்கிறது. 2020 மார்ச்சில் வந்த வரைவு, டிரஸ்ட்டுகளையும் சங்கங்களையும் விட்டுவிட்டு, தொண்டு அமைப்புகளில் லாப நோக்கற்ற செக்‌ஷன் 8 கம்பெனிகளுக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தது. தொண்டு நிறுவனங்கள் எதிர்த்து எழுதின. இறுதி விதியில் டிரஸ்ட்டுகளும் சங்கங்களும் திரும்ப வந்துவிட்டன. 2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளுக்காகத் திட்டங்களை நடத்தும் அமைப்புகளுக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு கட்டாயம். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டு அனுபவம் எல்லாம் கையில் இருப்பவர்களுக்கு அது ஓர் ஆடிட்டர் கையெழுத்தோடு முடிகிற வேலை.

நாம் நின்று படிக்க வேண்டியது விதி 2(1)(பி). ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணிகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவே நிர்வாகச் செலவு என்கிறது அது. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆக, நிர்வாகச் செலவு மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு கம்பெனிக்குத்தான், தொண்டு நிறுவனங்களான நமக்கு அல்ல.

ஆனால் 2014 முதல் நடப்பது என்ன? கம்பெனியின் நிதிப்பிரிவு அந்த வரம்பை அப்படியே நம் பட்ஜெட் தாளில் இறக்கிவிடுகிறது. மூன்று ஒன்றியங்களைச் சுற்றிவரும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் ‘அட்மின்’. அவர் வண்டிக்குப் போடும் பெட்ரோலும் ‘அட்மின்’. மார்ச் மாதம் இரவு பகலாக உட்கார்ந்து, அதே கம்பெனி கேட்கும் பயன்பாட்டுச் சான்றிதழுக்காக வவுச்சர்களை அடுக்கும் கணக்காளரும் ‘அட்மின்’. கட்டடத்துக்குப் பணம் உண்டு, கல்வெட்டுக்கும் உண்டு. கட்டியதை நடத்தும் ஆளுக்கு மட்டும் இல்லை.

இதன் பலனை அரசின் தணிக்கையே சொல்லிவிட்டது. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளை 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்த தலைமைத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.), அவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் வசதி இல்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் பதிவு செய்தது. கட்டியதைப் பராமரிக்க ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் கட்டினால் வேறென்ன நடக்கும்? அந்த அறிக்கை வந்த நான்கே மாதத்தில் புதிய விதிகளை எழுதிய அமைச்சகம், கம்பெனியின் நிர்வாகச் செலவு எது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியது. களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவே என்று வெளிப்படையாக ஒரு வரி எழுத அதற்கு மனம் வரவில்லை. அரசு, தொழில்துறை, மக்கள் அமைப்புகள் என்று மூன்று தரப்பையும் மேடையில் சேர்த்துப் பேசுகிறவர்கள், மூன்றாவது தரப்பு மட்டும் வயிற்றைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐந்து வருடம் பழகிய களப்பணியாளர் குடும்பம் நடத்த முடியாமல் வேறு வேலைக்குப் போகும்போது, அவரை நம்பிக் கதவு திறந்த ஊரையும் சேர்த்தே இழக்கிறோம். இது எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் வருவதில்லை.

இனி கையெழுத்தாகும் ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் விதி 2(1)(பி)-யை இணைப்பாகச் சேருங்கள். களப்பணியாளர், கணக்காளர், பயணம் மூன்றையும் திட்டச் செலவின் கீழ் எழுதுங்கள். கம்பெனி மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, மொத்தமாக அமைச்சகத்தின் முன் வைப்போம்.