குளிரில் ஓடிய றிக்‌ஷா

தருமம் என்றதும் நம் மனக்கண் முன் இருவர் தோன்றுகின்றனர். ஒருவர் கொடுப்பவர், அவர் கை மேலே நிற்கின்றது. மற்றவர் வாங்குபவர்; அவர் கை கீழே தாழ்கின்றது. வாங்கிய கையே கொடுக்கும் கையாக மாறுதல் கூடுமா? கூடும் என்பதற்குப் பிரித்தானியாவிலே நவம்பர் மாதக் குளிரில் நடைபெற்ற ஒரு சவாரி நல்ல சான்றாகும். அதனையே இவ்வாரம் நம் வாசகர்களோடு, சிறப்பாக மாணவ மணிகளோடு, பேச விரும்புகின்றோம்.

இக்கதையின் வேர் பழையது. 1927ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பி.பி.சி. வானொலியில் ஐந்தே நிமிடம் ஒரு வேண்டுகோள் ஒலிபரப்பாகியது. அல்லலுறும் சிறுவருக்கு உதவுங்கள் என்பதே அதன் சாரம். கிடைத்த தொகை 1,143 பவுணும் சில்லறையும். 1980ஆம் ஆண்டில் அவ்வேண்டுகோள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிகழும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வளர்ந்தது. அவ்வாண்டே பத்து இலட்சம் பவுணுக்கு மேல் திரண்டது. நோயாலும் வறுமையாலும் உடற்குறையாலும் உற்றாரை இழந்ததாலும் வாடும் பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் சிறு சிறு நிலையங்களுக்கு அப்பணம் பகிர்ந்தளிக்கப்படுகின்றது.

2011ஆம் ஆண்டு நவம்பரில் மற் பேக்கர் என்னும் தொலைக்காட்சி அறிவிப்பாளர் இந்நிதிக்காக ஒரு சவாரி மேற்கொண்டார். ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலிருந்து லண்டன்வரை 484 மைல், எட்டு நாட்கள், ஏறிச் சென்றதோ றிக்‌ஷா. முன்னாளிற் கொழும்பு வீதிகளில் ஆள் இழுத்துச் சென்ற றிக்‌ஷாவன்று இது. காலால் மிதித்து ஓட்டும் மூன்று சில்லு வண்டி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் தூரத்தை ஏறக்குறைய ஒத்தது அவர் சென்ற வழி. நாளொன்றுக்கு அறுபது மைல் மிதிக்க வேண்டியிருந்தது. பத்து இலட்சம் பவுணைக் கடந்து நன்கொடை குவிந்தது.

இம்மட்டில் நின்றிருந்தால் இது புகழ்பெற்ற ஒருவரின் தனிவீரமாகவே முடிந்திருக்கும். அடுத்த ஆண்டில் நிகழ்ந்த மாற்றமே நம் கருத்தைக் கவர்வது. 2012 முதல் றிக்‌ஷாவை மிதிக்கும் பொறுப்பு இளைஞர் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் யாவர்? அந்நிதியின் உதவியைத் தம் வாழ்விற் பெற்ற பிள்ளைகளே! நோயோடு போராடியவர்களும், உடற்குறையோடு வாழ்பவர்களும், உற்றாரைப் பறிகொடுத்தவர்களும் முறைவைத்து மிதித்தனர். பேக்கர் துவிச்சக்கர வண்டியில் அருகே உடன் சென்றார். நேற்று உதவி பெற்றவர் இன்று பிறருக்காக உதவி திரட்டும் காட்சியை நாடே கண்டது.

குளிர் என்னும் எதிரி

நவம்பரில் அந்நாட்டிலே மாலை நான்கு மணியளவிற் கதிரவன் மறைந்து விடுகின்றான். மழையும் எதிர்க்காற்றும் புதுமையல்ல. துவிச்சக்கர வண்டியில் செல்வோனுக்குக் குளிர் இரட்டிப்பாகின்றது. காற்றே வீசாத நாளிலும் அவன் வேகமே அவனுக்கு ஒரு காற்றை உண்டாக்குகின்றது. வெப்பநிலை 5 பாகை செல்சியசாக இருக்கையில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்தில் அறைந்தால், தோல் உணர்வது ஏறக்குறைய நீர் உறையும் நிலைக் குளிரையே.

இதில் மேலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேட்டில் ஏறும்போது உடல் வியர்த்து உள்ளாடை நனைகின்றது. இறக்கத்திலே கால்களுக்கு வேலையில்லை, உடற்சூடு குறைகின்றது, காற்றோ கடுகி வீசுகின்றது. நனைந்த ஆடை உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போனால் பிறேக்கைப் பிடிக்கும் வலுவும் இல்லாது போகும். ஆகவே குளிர்நாட்டுச் சவாரியிலே ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே அஞ்சத்தக்கது. மலைப்பாதைகளில் பந்தயமோடும் வீரர்கள் உச்சியை அடைந்ததும் புதினத்தாளை மடித்து மேற்சட்டைக்குள் மார்பிலே செருகிக்கொள்ளும் வழக்கம் உண்டு. காற்றைத் தடுக்க அதுவே போதுமான கவசம். வாசகர் கையிலிருக்கும் ஞாயிறுப் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன்!

நண்பரின் நிழல்

பல நாட் பயணத்தில் ஒருவன் தனியே தாங்குவது அரிது. வேகம் கூடக் கூட, முன்செல்பவன் செலவிடும் வலிமையிற் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே போகின்றது. அவனுக்குப் பின்னால் நெருங்கி வருபவனுக்கோ அவ்வுழைப்பிற் கால்பங்குக்கு மேல் மிச்சமாகும். எனவே நல்ல குழுவிலே முதலிடம் ஒருவருக்கே உரியதன்று, சற்று நேரம் முன்னின்று காற்றை வாங்கியவர் பின்சென்று இளைப்பாறுவார், மற்றவர் முன்வருவார். றிக்‌ஷாக் குழுவில் ஒருவர் களைத்ததும் அடுத்தவர் இருக்கையில் அமர்ந்ததும் இதே நியதிதான். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் சொல்வது வேறென்ன?

பயணத்தின் வேகம் வல்லவனின் காலால் அளக்கப்படுவதன்று; தளர்ந்தவனின் மூச்சால் அளக்கப்படுவது. முன்னால் ஓடி மறைபவன் பந்தயத்தில் வெல்லக்கூடும். அறப்பயணத்திலோ தோழனை வழியில் விட்டவனாவான்.

“பணந்தான் வேண்டுமென்றால் உண்டியலை நீட்டலாமே, குளிரில் நடுங்கி மிதிப்பதேன்?” என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வண்டி, உணவு, தங்குமிடம் யாவற்றுக்கும் செலவு உண்டு. திரளும் பணத்தைச் செலவே விழுங்குமாயின் அப்பயணம் வெறும் உல்லாசமே. ஆயினும் உண்டியல் செய்யாத ஒன்றைப் பயணம் செய்கின்றது. நடுங்கும் கைகளோடு ஒரு பிள்ளை மேட்டில் ஏறுவதைப் பார்ப்பவன், துன்பத்தை ஒரு தொகையாகக் காணாமல் ஒரு முகமாகக் காண்கின்றான். தான் கொடுப்பது தாழ்ந்த கைக்கன்று, தன்னினும் மிக உழைக்கும் கைக்கு என்று அறிகின்றான். அப்பொழுது அவன் கொடையிலே இரக்கத்தோடு மதிப்பும் கலந்துவிடுகின்றது. பெறுபவனின் மானம் காக்கப்படுகின்றது. பணத்தினும் பெரிய வரவு இதுவே.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி உண்டு. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக 2011ஆம் ஆண்டில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடைபயணம் நிகழ்ந்தது. அங்கே குளிர், இங்கே வெயில். வழியெங்கும் மக்கள் சேர்ந்துகொண்டதால், தென்முனையையும் வடமுனையையும் ஒரே நோக்கம் இணைத்தது.

மாணவர்க்குச் சில சொற்கள்

இதைப் படிக்கும் மாணவர் சிலர், “நாமும் நுவரெலியாவுக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்று நம் பாடசாலைத் தோழன் ஒருவனின் சிகிச்சைக்கு நிதி சேர்ப்போமே” என்று எண்ணலாம். நல்ல எண்ணம். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அவ்வூரிலே தை, மாசி மாதங்களில் இரவில் உறைபனி படிவதும் உண்டு. ஆகவே தடித்த ஒரே சட்டையைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்றை அணியுங்கள். ஏறும்போது கழற்றி, இறங்குமுன் அணியலாம். கையுறை மறவாதீர். பசிக்கும் முன் உண்ணுங்கள். இருள்முன் தங்குமிடம் சேருங்கள். பிறேக்கையும் விளக்கையும் புறப்படுமுன் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். வரவையும் செலவையும் தனித்தனியே எழுதி, கொடுத்தவர் எவரும் பார்க்கும்படி வையுங்கள். சதக்கணக்கிலும் சந்தேகம் எழக்கூடாது.

யாவற்றுக்கும் மேலாக, எவன் பொருட்டுப் புறப்படுகின்றீர்களோ அவனையும் உங்கள் ஆலோசனையிற் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனால் மிதிக்க முடியுமாயின் ஒரு மைல் மிதிக்கட்டும். முடியாதாயின் வழியைக் குறிக்கட்டும்; கணக்கை எழுதட்டும்; முதற்கொடியை அசைக்கட்டும். “எனக்காகச் சென்றார்கள்” என்று அவன் சொல்வதினும் “நாங்கள் சென்றோம்” என்று சொல்வதே உங்கள் பயணத்துக்குக் கிடைக்கும் உயர்ந்த பரிசாகும்.